பச்சோந்தி குடித்த தண்ணீர்

செத்துப் போனது ஒரு பச்சோந்தி. விசாரிக்க வந்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரியின் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றிக் கொடுத்த பல் டாக்டரின் வீடு என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் மிளகாய் மேடம் என்று அழைக்கப்படும் அந்த அம்மாள், யாரையாவது கடித்துக் குதறுவது என்ற முடிவோடுதான் ஜீப்பில் ஏறினார்.

கீழே கிளினிக், மேலே வீடு. மாடியின் பின்பக்கம் ஒரு பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து அறையாக்கியிருந்தார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு வலைக் கூண்டுகள். இரண்டிலும் தொட்டிச் செடிகள், குறுக்கே கட்டிய கிளைகள், உச்சியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலின் மூடியிலிருந்து மெல்லிய குழாய் வழியாக இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

இடது கூண்டின் தரையில் ஆண் பச்சோந்தி கரிக்கட்டையாகக் கறுத்து, வாயைப் பிளந்தபடி ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் பால்போல் வெளுத்த தண்ணீர். பினாயில் நாற்றம் வாசலிலேயே மூக்கைப் பிடுங்கியது.

வலது கூண்டில் பெண் பச்சோந்தி கிளையைப் பற்றிக்கொண்டு பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணை மேடத்தின் மேலும் இன்னொரு கண்ணை டாக்டரின் மேலும் வைத்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சந்தேகப்பட அந்த ஜீவனால் முடிந்தது. மேடத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதன் கூண்டிலும் கீழே ஒரு கிண்ணம், அதிலும் அதே வெளுத்த தண்ணீர்.

"இது கொலை மேடம்" என்றார் டாக்டர். அழுது அழுது கண்கள் சிவந்திருந்தன.

"கொலைங்கற வார்த்தை மனுஷங்களுக்கு, டாக்டர்."

"பட்டு எனக்கு மனுஷன்தான். கொன்னது யாருன்னும் தெரியும். எங்க அக்கா."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? கிண்ணத்தை வெச்சதை அவளே ஒத்துக்கிட்டா. பினாயில் அவ கையிலதான் இருக்கும், வீட்டையும் கிளினிக்கையும் துடைக்கிறது அவதான். ரெண்டையும் ஒரேயடியா தீர்த்துடலாம்னு ரெண்டு கூண்டுலயும் வெச்சிருக்கா. பட்டு குடிச்சிட்டான். இவ குடிக்கல, தப்பிச்சா."

"சரி. அக்காவைப் பிடிச்சு உள்ள போடணுமா?"

டாக்டர் சற்றுத் தயங்கினார். "ஜெயில் எல்லாம் வேண்டாம் மேடம். மத்தியானம் எங்க மாமா வர்றார். அப்பா போறப்போ பின் ரூம் அக்காவுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவ அங்க இருக்கணுமா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவாகுது. போலீஸ் வந்து விசாரிச்சு, இவதான்னு மாமா முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஆக, ஒரு பெண்ணை வீட்டைவிட்டு விரட்ட அரசாங்க ஜீப்பும் காக்கிச் சட்டையும் தேவைப்படுகிறது. மேடத்துக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. ஆனால் கோபம் வந்தால் அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளும் வித்தை அவருக்குத் தெரியும். பேனாவால் இடது கூண்டுக்குள் காட்டினார்.

"இந்த பாட்டில்ல என்ன?"

"குடிக்கிற தண்ணி."

"குழாய்த் தண்ணியா?"

அந்தக் கேள்வி டாக்டரின் துக்கத்தையே ஒரு நிமிடம் ஒத்திப்போட்டது. பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல் மேடத்தைப் பார்த்தார்.

"குழாய்த் தண்ணியா! அதுல குளோரின் இருக்கு. கடையில விக்கிற தண்ணியில உப்பு சேர்த்திருப்பான். கடுந்தண்ணியை மென்தண்ணியாக்குற மெஷின் தண்ணி இன்னும் மோசம், அதுல வேற உப்பு ஏறிடும். நான் குடுக்கிறது டிஸ்டில்டு வாட்டர். கிளினிக்ல கருவிகளை நீராவியில சுத்தம் பண்ண கேன் கேனா வாங்குறோமே, அதே தண்ணி. காஞ்சா இலையில ஒரு கறை நிக்காது. அங்க பாருங்க" என்று வலது கூண்டைக் காட்டினார். இலைகள் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று இருந்தன. "அதையும் இப்படிச் சொட்டுச் சொட்டா இலையில விட்டாத்தான் நாக்கால நக்கிக் குடிக்கும். பச்சோந்தி வளர்க்கிறதுன்னா சும்மா இல்ல மேடம்."

"எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் குழாய்த் தண்ணிதான் குடிக்கிறோம். இன்னும் உயிரோடதான் இருக்கோம்."

"நீங்க பச்சோந்தி இல்லையே."

"அதை எங்க மேலதிகாரிகிட்ட சொல்லுங்க" என்றார் மேடம். "பாட்டில்ல எப்போ தண்ணி ஊத்துனீங்க?"

"பட்டுவோட பாட்டில்ல நேத்து சாயங்காலம், கழுத்து வரைக்கும். ராத்திரி பூரா சொட்டும். அவளோடது முந்தாநாள் ஊத்தினது. ஊத்திட்டு ரூமைப் பூட்டினேன். சாவி என் இடுப்புலதான் இருக்கும், ஒரே சாவி. காலையில தொறந்தா இப்படி."

"சாயங்காலம் வந்தப்போ கிண்ணத்தைப் பார்க்கலையா?"

"தொட்டிக்குப் பின்னாடி இருந்தது. கண்ணுல படல."

மேடம் இரண்டு பாட்டில்களையும் பேனாவால் தட்டினார். வலதுபக்கத்து பாட்டில் பாதி காலியாக டொங்கென்றது. இடதுபக்கத்து பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்ததால் சத்தமே எழவில்லை. அதன் கீழேயிருந்த செடியின் இலைகளில் வெளிர்நீல வளையங்கள் காய்ந்திருந்தன. ஏதோ புது ஜாதிச் செடி என்று மேடம் அப்போதைக்கு நினைத்துக்கொண்டார்.

வாசற்படிக்கு வெளியே டாக்டரின் மனைவி மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தாள். உள்ளே ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

"நீங்க உள்ள வரமாட்டீங்களா?"

"அய்யோ, செத்தாலும் வரமாட்டேன். அதுங்க கண்ணைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்கும். நேத்து சாயங்காலம் இவருக்கு டீ கொண்டு வந்தப்போகூட இங்கதான் நின்னேன். இவர் யார்கூடவோ போன்ல பேசிக்கிட்டே தண்ணி ஊத்திக்கிட்டிருந்தார்."

"அப்போ இந்த நாத்தம் இருந்துச்சா?"

"இல்லையே. பினாயில் வாசனை பட்டாலே எனக்கு மண்டையிடி வந்துடும். இப்போகூட பாருங்க, காலையில இருந்து உயிர் போகுது."

டாக்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு அது புரியவில்லை. அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள்.

"எல்லாம் அந்த அண்ணி வேலை மேடம். வாயைத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை பேச மாட்டாங்க. பெட்டியை நானே எடுத்து வாசல்ல வெச்சுட்டேன்."

பெட்டி உண்மையாகவே வாசலில்தான் இருந்தது. கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையின் வாசலில், பூட்டப்படாமல், அவசரத்தில் திணித்த ஒரு துணியின் நுனி வெளியே தெரிய. உள்ளே கட்டிலில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளங்கைகள் துடைத்துத் துடைத்து வெடித்திருந்தன. மேடம் உள்ளே வந்ததும் எழுந்து நிற்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"கிண்ணம் வெச்சது நீங்களா?"

"நான்தான்."

"எப்போ?"

"நேத்து மத்தியானம். காத்தாட கதவைத் தொறந்து வெச்சிருந்தான். வெயில் கொளுத்துச்சு. ரெண்டு ஜீவனுக்கும் கீழ ஒரு வாய் தண்ணி இல்ல. வெச்சேன்."

"என்ன தண்ணி?"

"நான் குடிக்கிற தண்ணி."

"பினாயில் கலந்தீங்களா?"

"இல்ல."

"வேற யாரு கலந்திருப்பாங்க?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இந்த மௌனமெல்லாம் என்கிட்ட வேண்டாம்மா. பேசலைன்னா உங்க தலையிலதான் விடியும். தம்பி மேல கோபமா?"

"கோபம் இருக்கு. பச்சோந்தி மேல இல்ல."

"அப்போ பேசுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க மாமா வந்துடுவார். இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

"தெரியாது" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் கொஞ்சம் பிசிறியது. அதற்குமேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. மேடம் எரிச்சலோடு வெளியே வந்தார். பொய் சொல்கிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை என்ன செய்வது?

கிளினிக்கில் நர்ஸ் காத்திருந்தாள். விடுமுறை நாளில் சாட்சி சொல்ல டாக்டர் கூப்பிட்டதால் வந்தவள், அந்தக் கடுப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"நேத்து பினாயில் பாட்டில் எங்க இருந்துச்சு?"

"மாடிப்படிக்குக் கீழ. எப்பவும் அங்கதான் இருக்கும். யார் வேணா எடுக்கலாம். அந்த அக்கா நேத்து மத்தியானமே துடைச்சு முடிச்சுட்டாங்க."

"அந்த அம்மா எப்படி?"

"துடைச்ச இடத்துல மிதிச்சா திட்டுவாங்க. மத்தபடி ஒண்ணும் இல்ல. அவங்க ரூம் காலியானா அங்க பேஷண்டுக்கு ரெண்டாவது நாற்காலி போடப்போறதா டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே வருதாம்."

"ரூம் காலியாகும்னு அதுக்குள்ள அவருக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். காலையிலிருந்து கத்திக் கத்தி மேடத்துக்குத் தொண்டை வறண்டிருந்தது. நோயாளிகள் உட்காரும் நாற்காலியின் பக்கத்தில் வாய் கொப்பளிக்கும் குழாயும் காகிதக் குவளைகளும் இருந்தன. ஒரு குவளையை வைத்துப் பொத்தானை அழுத்தினார். குவளை நிறைந்தது. வாயருகே கொண்டு போனார்.

"அய்யய்யோ மேடம், குடிச்சிராதீங்க!" நர்ஸ் பாய்ந்து வந்து குவளையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் மேடத்தின் சட்டைக் கையில் கொட்டியது.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"இன்னைக்கு அதைக் குடிக்கக் கூடாது மேடம்! நாற்காலிக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாய்ல பாசி பிடிக்கும். அதனால சனிக்கிழமை மத்தியானம் கிளினிக் மூடுறப்போ குழாய்ல மருந்து ஏத்தி விட்டுடுவோம். ஞாயித்துக்கிழமை பூரா ஊறும். திங்கக்கிழமை நல்லா கழுவி விட்டாத்தான் வாயில படலாம். ரொம்பக் காரமான மருந்து."

"அந்த மருந்தை எதுல கலக்குவீங்க?"

"டிஸ்டில்டு வாட்டர் வந்த காலிக் கேன்ல. மாறிடக் கூடாதுன்னு கழுத்துல சிவப்பு டேப் சுத்திடுவோம்."

மேடம் மேசைக்கு அடியில் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நான்கைந்து கேன்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாத கெட்டிப் பிளாஸ்டிக். ஒன்றின் கழுத்திலும் டேப் இல்லை. தன் சட்டைக் கையைப் பார்த்தார். நனைந்த இடத்தில் வெளிர்நீலமாக ஒரு கறை பரவியிருந்தது.

மேடம் குனிந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கேனாக மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கேனைக் கையில் எடுத்துக்கொண்டார். மாடிக்குப் போகும் வழியில் பின் அறையைத் தட்டி, "மேல வாங்க" என்றார். அது வேண்டுகோள் இல்லை என்பது அக்காவுக்குப் புரிந்தது.

கண்ணாடி அறையில் டாக்டர் செத்த பச்சோந்தியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி வழக்கம்போல் வாசலுக்கு வெளியே. நர்ஸ் அவளுக்குப் பின்னால் நின்றாள். அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"முடிஞ்சுதா மேடம்? மாமா கிளம்பிட்டாராம்" என்றார் டாக்டர்.

"முடிஞ்சுது. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் பச்சோந்தி கிண்ணத்துல குடிக்குமா?"

டாக்டரின் கை துண்டின்மேல் நின்றது.

"காலையில நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? சொட்டுச் சொட்டா இலையில விட்டாத்தான் நக்கிக் குடிக்கும்னு. தேங்கி நிக்கிற தண்ணி அதுக்குத் தண்ணின்னே தெரியாது. அப்புறம் எப்படி கிண்ணத்துல இருந்த பினாயிலைக் குடிச்சுது? இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. தெரியாத உங்க அக்கா, நாய் பூனைக்கு வெக்கிற மாதிரி கிண்ணம் வெச்சாங்க. தெரிஞ்ச நீங்க, கிண்ணத்துல குடிச்சு செத்துதுன்னு புகார் குடுக்கறீங்க."

"தாகத்துல... எப்பவாவது குடிக்கும்."

"அப்போ இவளும் குடிச்சிருக்கலாமே?" மேடம் வலது கூண்டைக் காட்டினார். "உயிருக்கு உயிரா வளர்க்கிறீங்க. விஷக் கிண்ணம் காலையில இருந்து அவ காலடியில இருக்கு. நான் வந்தப்போ இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதை எடுத்து வெளிய வெக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லை. ஏன்னா, இவ அதைத் தொடமாட்டான்னு உங்களுக்கு நிச்சயம்."

மேடம் வாசற்பக்கம் திரும்பினார்.

"கிண்ணம் வந்தது மத்தியானம். சாயங்காலம் உங்க மனைவி வாசல்ல நின்னாங்க, பினாயில் நாத்தம் இல்ல. அப்புறம் நீங்க ரூமைப் பூட்டினீங்க. சாவி உங்க இடுப்புல. காலையில தொறந்ததும் நீங்க. நடுவுல அந்த ரெண்டு கிண்ணத்துல பினாயில் ஊத்த உங்களைத் தவிர யாரால முடியும்?"

டாக்டரின் மனைவி அப்போதுதான் தான் சொன்னதன் பொருளை உணர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ஏன் என் பட்டுவைக் கொல்லணும்?" டாக்டர் கத்தினார். "சொல்லுங்க! நான் ஏன் கொல்லணும்?"

"கொல்லணும்னு கொல்லல. அவசரத்துல கொன்னீங்க." மேடம் கையிலிருந்த கேனின் மூடியைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரை வெள்ளைச் சுவரில் வீசினார். வெளிர்நீலமாக வழிந்தது. "நாற்காலிக் குழாய்ல ஏத்துற மருந்து. மிச்சம் இந்தக் கேன்ல. கழுத்துல டேப் இல்ல."

"டேப் தீர்ந்துபோச்சு மேடம்!" நர்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. "வாங்கித் தாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். இதுக்கெல்லாம் என்கிட்ட வராதேன்னு எரிஞ்சு விழுந்தார்."

"நேத்து சாயங்காலம் போன்ல பேசிக்கிட்டே கேனை எடுத்துட்டு வந்தீங்க. வெள்ளைக் கேன், வெள்ளை பாட்டில். நிறம் கண்ணுக்குத் தெரியல. ராத்திரி பூரா அது இலையில சொட்டுச்சு. உங்க பட்டு வழக்கம்போல நக்கிக் குடிச்சுது. காலையில பார்த்ததும் உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. பாட்டிலைக் கழுவி நல்ல தண்ணி நிரப்பினீங்க. கழுத்து வரைக்கும். ராத்திரி பூரா சொட்டின பாட்டில் காலையில கழுத்து வரைக்குமா டாக்டர் நிறைஞ்சிருக்கும்?"

மேடம் இடது கூண்டிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார். நீல வளையங்கள் அச்சடித்ததுபோல் இருந்தன.

"பாட்டிலைக் கழுவினீங்க, இலையைக் கழுவல. டிஸ்டில்டு வாட்டர் காஞ்சா ஒரு கறை நிக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. இது என்ன கறை?"

டாக்டர் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.  பிறகு பேசியபோது அந்தக் குரலில் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை.

"தெரியாம நடந்துபோச்சு மேடம். என் கையாலயே... என்னால தாங்க முடியல."

"அது தெரியாம நடந்தது. அதுக்கு அப்புறம் கீழ போய் பினாயில் எடுத்துட்டு வந்தது தெரிஞ்சு நடந்தது. ரெண்டாவது நாற்காலிக்கு இடம் வேணும். மாமா வர்ற நாள் பார்த்து ஒரு சாவு கிடைச்சுது. பொய்ப் புகார் குடுத்து போலீஸை வரவழைக்கிறது குத்தம், தெரியுமில்ல?"

"மேடம், இது குடும்ப விஷயம். நாங்க பேசித் தீர்த்துக்கறோம்."

"ஜீப்பு கேட்டப்போ அது குடும்ப விஷயமா தெரியலையா?"

மனைவி முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். பச்சோந்திப் பயம் எங்கே போனதோ, நேராகப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்க பெட்டியை நானே உள்ள எடுத்து வெச்சிடறேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. மாமாகிட்ட மட்டும் எதுவும்..."

அக்கா அந்தக் கையை ஒதுக்கினார். தம்பியைப் பார்த்தார்.

"காலையில தண்ணி பிடிக்க மேல வந்தேன்" என்றார். "கதவு தொறந்திருந்தது. நீ அதைக் கையில ஏந்திக்கிட்டு தரையில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தே. அப்பா செத்தப்போகூட நீ அப்படி அழுது நான் பார்த்ததில்ல. சத்தம் போடாம இறங்கிப் போயிட்டேன். அப்புறம் நீ என்னைக் கொலைகாரின்னு சொன்னே. துக்கத்துல சொல்றான், ஆறினா அவனே வருவான்னுதான் வாயைத் தொறக்காம உட்கார்ந்திருந்தேன்."

"அக்கா..."

"பொய் அழுகையா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லடா. அது நிஜ அழுகை. அழுது முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கீழ இறங்கி வந்து பினாயிலை எடுத்திருக்கே. என் ரூம் கதவைத் தாண்டித்தானே படிக்கட்டுக்குக் கீழ போகணும்? உள்ளதானே இருந்தேன்."

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. கீழே ஒரு கார் வந்து நிற்கும் சத்தமும், யாரோ கதவைத் திறந்து டாக்டரைச் சின்ன வயதுச் செல்லப் பெயரில் கூப்பிடுவதும் கேட்டன.

"மாமா வந்துட்டார்" என்றாள் மனைவி. "அண்ணி, தயவு பண்ணுங்க. உங்களுக்கு இருக்கிறது ஒரே தம்பி."

மேடம் அக்காவைப் பார்த்தார். இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று இத்தனை வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், போகட்டும் விடுங்க என்பார்கள், ஜீப் வெறும் கையோடு திரும்பும். அந்தக் கோபத்தை இப்போதே அவர் தயாராக வைத்திருந்தார்.

"மேடம், என் மேல பொய்ப் புகார் குடுத்தான்னு நான் எழுதிக் குடுக்கலாமா?" என்று கேட்டார் அக்கா.

"தாராளமா குடுக்கலாம்."

"அப்போ கீழ போய் மாமா முன்னாடியே எழுதறேன். அவரும் கேக்கட்டும்."

அக்கா முன்னால் படி இறங்கினார். மிளகாய் மேடம் அன்று காலையில் முதல்முறையாக யாரையும் திட்டாமல் அவருக்குப் பின்னால் நடந்தார்.